பிள்ளையைத் தாண்டினால் வளர்த்தி நின்றுவிடுமா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகன் ஒன்பதாம் வகுப்பு. காலையில் பள்ளியில் உயரப்படி வரிசையில் நிற்கும்போது எப்போதும் முதல் ஆள். கூடப் படிப்பவர்களுக்கு மீசை அரும்பிவிட்டது, இவனுக்கு இன்னும் குரல்கூட உடையவில்லை. "சின்னப் பிள்ளையில பாயில கிடந்தவன அக்காக்காரி தாண்டிப் போனா, திரும்பத் தாண்டல. அதான் வளர்த்தி நின்னு போச்சு" என்கிறாராம் மாமியார். வீட்டுக்காரர் விளம்பரத்தில் பார்த்த சத்து மாவு டப்பாவோடு வந்திருக்கிறார். தாய்மாமன் கம்பியில் தொங்கச் சொல்கிறார். இதில் எதை நம்புவது என்பது அவருடைய கேள்வி.

மூன்றையும் நம்ப வேண்டியதில்லை. எலும்பு எங்கே, எப்படி நீள்கிறது என்று தெரிந்துவிட்டால் ஏன் என்பது தானாகப் புரியும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போனால் பால்வெட்டுத் தழும்பைப் பார்க்கலாம். இடுப்பு உயரத்தில் விழுந்த வெட்டு, மரம் எத்தனை அடி உயர்ந்தாலும் அதே உயரத்தில்தான் நிற்கும். மரம் நுனியில் வளர்கிறது, நடுவில் இழுபட்டு நீள்வதில்லை. நம் எலும்பும் இப்படித்தான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பு நடுவில் இரண்டு சிறு துளைகள் போட்டுப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து எலும்பு நன்றாக நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையிலான தூரம் மட்டும் அப்படியே இருந்தது. அப்படியென்றால் புது நீளம் முழுக்க முனைகளில்தான் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்த முனைக்குச் சற்று உள்ளே, சில மில்லிமீட்டர் கனத்தில், ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பார்கள். எனக்கு உடம்பிலேயே மிகவும் பிடித்த இடம் இது. தட்டின் ஒரு ஓரத்தில் செல்கள் பிரிந்து பெருகி, நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோலச் சப்பையாக வரிசை கட்டுகின்றன. அடுக்கின் மறு ஓரத்துக்கு வந்ததும் ஒவ்வொரு செல்லும் ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோல உப்புகிறது. பருமன் பத்து மடங்குக்கும் மேலே போகும். லாரிக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவதுபோல, இந்த உப்பல்தான் எலும்பின் முனையைத் தள்ளிக்கொண்டு போகிறது. நம் உயரத்தில் பெரும்பங்கு செல்களின் எண்ணிக்கையால் வருவதைவிட இந்த உப்பலால் வருகிறது என்பதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

உப்பி முடித்த செல் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிய வழி செய்கிறது. பிறகு பெரும்பாலும் செத்துப்போகிறது. அந்தக் காலி அறைக்குள் இரத்தக் குழாய் நுழைந்து, எலும்பு கட்டும் செல்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பின்னால் எலும்பாகிக்கொண்டே வர, முன்னால் புது நாணயங்கள் அடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். காலின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முழங்காலுக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு தட்டுகளின் உழைப்பு.

வேகம் எப்போதும் ஒன்றல்ல. பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. இருக்கும் குழந்தை முதல் வருஷத்தில் மட்டும் 25 செ.மீ. கூடுகிறது. அப்புறம் குறைந்து, பள்ளி வயதில் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. என்று நிதானப்படும். பருவ வயதில் மறுபடி ஒரு பாய்ச்சல். பெண்பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு 14ஐ ஒட்டி. இதில் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் ஆவது சாதாரணம். ஏழாம் வகுப்பில் பெண்கள் உயரமாகவும் பையன்கள் பொடியன்களாகவும் தெரிவது இதனால்தான். கடைசியில், பெண்களின் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜன் தட்டுகளை மூடி எலும்பாக்கிவிடும். பையன்களுக்கும் இதே ஈஸ்ட்ரோஜன்தான்! அந்த ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காத ஒரு மனிதரைப் பற்றி 1994இல் மருத்துவர்கள் எழுதினார்கள். 28 வயது, 204 செ.மீ. உயரம், தட்டுகள் மூடாததால் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார்.

இப்போது பாயில் கிடந்த பிள்ளைக்கு வருவோம். அமெரிக்காவில் ஆட்டுக்குட்டிகளின் கால் எலும்பில் நுண்ணிய அளவுகோலைப் பொருத்திப் பார்த்தார்கள். எலும்பு நீண்டதில் 90 விழுக்காட்டுக்கும் குறையாமல் குட்டி படுத்துக் கிடந்த நேரத்தில் நடந்திருந்தது. நிற்கும்போது உடல் எடை தட்டை அமுக்குகிறது, படுத்தால் அந்தப் பாரம் இறங்கிவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். அதனால் தூங்கும் பிள்ளையைத் தாண்டலாம், ஒன்றும் ஆகாது. காலை நாலரைக்கு டியூஷனுக்கு எழுப்புகிறோமே, அதை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன்.

வளர்ச்சி வயிற்றோடும் தூக்கத்தோடும் முடிந்துவிடவில்லை. 1948இல் ஜெர்மனியில் எல்சி விடோசன் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் இரண்டு அநாதை இல்லங்களைக் கவனித்தார். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள், ஒரே அளவு ரேஷன். ஆறு மாதம் கழித்து ஒன்றில் மட்டும் கூடுதலாக ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் கொடுத்தார். கூடுதல் சாப்பாடு கிடைத்த இல்லத்துப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாக வளர்ந்தார்கள். காரணம் தேடியபோது ஒரு விடுதிக் காப்பாளர் அகப்பட்டார். சாப்பாட்டு நேரம் பார்த்துப் பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் திட்டி அழவைக்கும் பழக்கம் உள்ளவர். கூடுதல் உணவு தொடங்கிய அதே சமயத்தில் அவர் அந்த இல்லத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். அவருக்குப் பிடித்த எட்டுப் பிள்ளைகள் மட்டும் நன்றாகத் தேறினார்கள்.

1967இல் அமெரிக்க மருத்துவர்கள் 13 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வீட்டுச் சூழல் சரியில்லாமல் வளர்ச்சி நின்றுபோனவர்கள். அந்த வீட்டைவிட்டு வெளியே வைத்ததும், ஹார்மோன் மருந்து எதுவும் இல்லாமலே வளரத் தொடங்கினார்கள். பயத்திலேயே இருக்கும் பிள்ளைக்கு, வளர்ச்சி ஹார்மோனின் குழாயை மூளை இறுக்கிவிடுகிறது. வகுப்பில் "கட்டையன்" என்று கூப்பிடுவதும், கபடிக்கு ஆள் எடுக்கும்போது கடைசியில் விட்டுவிடுவதும், வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்திலும் பக்கத்து வீட்டுப் பையனோடு நிறுத்தி அளப்பதும் விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு பிள்ளையின் மனசும் சேர்க்கையும் உடம்பும் தனித்தனிப் பாடமாகப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

அங்கன்வாடியில் குழந்தையை மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார்கள். அது மிக நல்ல ஏற்பாடு. பள்ளிக்குப் போனபின் அந்த அட்டை பெரும்பாலும் தொடர்வதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து வரைபடத்தில் குறிக்க ஒரு அளவுகோலும் ஒரு நோட்டும் போதும். அரசுப் பணம் போக வேண்டிய இடங்களில் இதை நான் மேலே வைப்பேன்.

தக்கலை அம்மாவுக்கு: டப்பாவை ஓரமாக வையுங்கள். முட்டை, மீன், பயறு, வயிறார வீட்டுச் சோறு போதும். கம்பியில் தொங்குவது தோளுக்கு நல்லது, உயரம் தராது. வீட்டில் அப்பாவோ மாமாவோ பிந்தி வளர்ந்தவர்களா என்று விசாரியுங்கள், பல சமயம் விடை அங்கேயே இருக்கும். பருவத்தின் அறிகுறி எதுவுமே இல்லாமல் 14 முடிந்துவிட்டாலோ, வருஷத்துக்கு 4 செ.மீ.கூட ஏறவில்லை என்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துத் தட்டுகள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள்.

அதுவரை கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு கோடு போடுங்கள். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் இடைவட்டுகள் பகல் முழுக்க அமுங்குவதால் சாயங்காலத்துக்குள் யாருமே சுமார் ஒரு செ.மீ. குறைந்துவிடுவார்கள்.