கடிகாயமும் தடயமும்: ஒரு திகில் படத்தை முன்வைத்து

1972 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி நைட் ஸ்டாக்கர்’ என்ற திகில் படத்தில், லாஸ் வேகாஸ் நகரத்துப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்படுகிறார்கள். உடல்களில் இரத்தமே இல்லை. கொலையாளி இரத்தக் காட்டேரிதான் என்ற முடிவுக்கு வரும் நிருபர் கார்ல் கோல்சாக்கை, அதிகாரிகள் செய்தியை அமுக்கிவிட்டு ஊரைவிட்டே துரத்துகிறார்கள். சட்ட மருத்துவத்தில் பணிபுரியும் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது காட்டேரி அல்ல, கழுத்துக் காயத்தில் உமிழ்நீர் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் தெரியவரும் இடம்தான்.

அக்காலத்தில் உமிழ்நீரிலிருந்து இரத்த வகையைத்தான் கணிக்க முடிந்தது, அதுவும் எல்லோருக்கும் அல்ல. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ், மரபணு வேறுபாட்டைக் கொண்டு ஆளைப் பிரித்தறியும் டிஎன்ஏ ரேகை முறையைக் கண்டறிந்த பின்னரே உமிழ்நீர் ஆளை அடையாளம் காட்டும் சான்றாயிற்று.

பல் தடத்தின் கதை வேறு. அரிசோனாவில் ரே குரோன் என்பவரின் பல்வரிசை, கொலையுண்ட பெண்ணின் உடலிலிருந்த கடித்தடத்தோடு பொருந்துவதாக நிபுணர் சொன்ன சாட்சியத்தால் 1992இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பத்திரிகைகளும் அவருடைய கோணல் பல்லை வைத்தே பட்டப்பெயர் சூட்டின. மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பானது. பெண்ணின் ஆடையில் இருந்த உமிழ்நீரின் டிஎன்ஏ வேறொருவருடையது என்று தெரிந்து, 2002இல்தான் அவர் விடுதலையானார். தோல் இழுபடும், வீங்கும், நிறம் மாறும். அதில் பதியும் அச்சை நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்குவது ஆபத்தானது என்பதே என் கருத்து.

தாக்குதலில் கடிபட்டுப் பரிசோதனைக்கு வருவோர் பலர் குளித்து, கிருமிநாசினி தடவிக்கொண்டே வருகிறார்கள். அச்சமும் அருவருப்பும் இயல்பே என்றாலும், கழுவும்போது உமிழ்நீரும் போய்விடுகிறது. மனிதர் கடித்த இடமாயின், கழுவுவதற்கு முன் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். ஈரப் பஞ்சுக் குச்சியாலும் அடுத்து உலர்ந்த குச்சியாலும் மாதிரி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும், அதன்பின் காயத்தைச் சுத்தம் செய்து சிகிச்சையைத் தொடங்குவோம். நாய்க்கடிக்கு இது அறவே பொருந்தாது: சோப்பாலும் ஓடும் நீராலும் உடனே 15 நிமிடம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்கு விரைய வேண்டும்.

அணிந்திருந்த ஆடையைத் துவைக்காமல், ஈரமாயிருந்தால் நிழலில் உலரவிட்டு, காகித உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் தங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும்.