கிரீன் டீ கசக்கிறதா? தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிடுங்கள்

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சுடுறேன் மேடம், உடம்புக்கு நல்லதாமே!" எடை குறைக்க ஆலோசனை கேட்டு வந்த ஒரு பெண்மணி சொன்னது. குடிப்பதோ செஞ்சா என்ற விலையுயர்ந்த ஜப்பானிய கிரீன் டீ. எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டு, ஐந்து நிமிடம் அடுப்பிலேயே விட்டு வடிகட்டுகிறாராம். பால் டீ போட்டுப் பழகிய கை. கசக்காமல் என்ன செய்யும்?

ஜப்பானில் பறித்த இலையைச் சுடச்சுட நீராவியில் வேகவைத்துவிடுவார்கள். அதனால்தான் இலை கறுக்காமல் பச்சையாகவே நிற்கிறது. சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வாட்டுவார்கள். அந்த வாசமே வேறு. நல்ல செஞ்சாவில் கீரை வெந்த வாசமும் லேசான கடல்பாசி வாசமும் இருக்கும். நாக்கில் முதலில் ஒரு இனிப்பு, பிறகு உமாமி என்னும் சாறு போன்ற ருசி, கடைசியில்தான் துவர்ப்பு.

அந்த இனிப்புக்கும் உமாமிக்கும் பெரிய காரணம் தியானின் என்ற அமினோ அமிலம். அது வெதுவெதுப்பான தண்ணீரிலேயே இறங்கிவிடும். துவர்க்கும் கேட்டச்சின்களும் கசக்கும் கஃபீனும் சூடு ஏற ஏறத்தான் அதிகம் இறங்கும். ஆகவே செஞ்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி போதும். நிழலில் வளர்க்கும் கியோகுரோவுக்கு 50, 60 டிகிரி. தெர்மாமீட்டர் எதற்கு? கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், ஒவ்வொரு முறைக்கும் சுமார் பத்து டிகிரி இறங்கும். இரண்டு மூன்று முறை ஆற்றிவிட்டு, ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் இலை, ஒரு நிமிடம். கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள், சுவை அதில்தான் இருக்கிறது. அதே இலையில் இரண்டாம் முறையும் போடலாம்.

நன்மை உண்டா? உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. ஜப்பானின் மியாகி பகுதியில் சுமார் 40,500 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-ல் வெளியானது. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களில் இதயம், ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் குறைவு. புற்றுநோய் இறப்பில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், டீயே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எடை விஷயத்தில் கிடைப்பது சொற்பம். சர்க்கரை போட்ட பால் டீக்குப் பதில் குடித்தால் குறைவது அந்தச் சர்க்கரைதான்!

அந்தப் பெண்மணியின் ரத்த அறிக்கையைப் பார்த்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே. இரும்புச்சத்து மாத்திரையைக் கிரீன் டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தார். டீயில் இருக்கும் கேட்டச்சின்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கீரை, பருப்பிலிருந்து வருவதையும் விடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒன்று, இரண்டு மணி நேரமாவது தள்ளித்தான் டீ.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், மாட்சா என்ற கிரீன் டீ பொடியை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். அதில் இலையையே அரைத்துக் குடிக்கிறோம், வைட்டமின் கே முழுக்க உள்ளே போகும், அது அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். எடை குறைப்புக்கென்று விற்கும் கிரீன் டீ கேப்ஸ்யூலை நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை. அதிக அளவு சாறு கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

அடுத்த முறை வந்தவர், "கீரைத் தண்ணி மாதிரி இருக்கு மேடம், ஆனா கசக்கல" என்றார். ராத்திரியும் குடிக்கலாமா என்று கேட்டார். தூக்கம் கெடும், வேண்டுமானால் வறுத்த இலையில் போடும் ஹோஜிச்சாவை வாங்குங்கள், அதில் கஃபீன் பொதுவாகக் கொஞ்சம் குறைவு என்றேன். அதற்கு மட்டும் கொதிக்கிற தண்ணீரையே ஊற்றலாம்.