ஒரே பெயரில் இரண்டு கோப்பாய்

யாழ்ப்பாணத்தில் நான் கணினி வேலைக்கு உதவும் ஓர் அலுவலகத்தில், ஸ்கான் செய்த காணி வரைபடங்கள் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட சேவையகம் ஒன்றில் ஊர்ப்பெயர் வாரியான கோப்புறைகளில் கிடக்கின்றன. மேசைகளில் இருப்பவையோ விண்டோஸ் கணினிகள். ஒருநாள் கோப்பாய், கோண்டாவில், கொக்குவில் ஆகிய மூன்று ஊர்களின் கோப்புறைகளும் காணாமற் போயின என்றார்கள். பட்டியலில் அவை இருந்தன. ஆனால் பெயரைத் தட்டச்சுச் செய்து திறக்க முயன்றால், அப்படி ஒன்று இல்லை என்றது விண்டோஸ். நல்லூருக்கும் மானிப்பாய்க்கும் இந்தச் சிக்கல் இல்லை.

இரு தரப்புக்கும் இடையில் நின்று பேசுவது சம்பா என்னும் மென்பொருள். சோற்றுச் சம்பாவுக்கும் இதற்கும் உறவில்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி.யின் மூன்று எழுத்துகளும் அதே ஒழுங்கில் வரும் சொல்லை அகராதியில் தேடி, அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ட்ரிட்ஜெல் எடுத்த பெயர் அது.

கோப்பு கண்ணில் படவில்லை என்றால் வழக்கமான காரணங்களை முதலில் விலக்கிவிட வேண்டும். புள்ளியில் தொடங்கும் பெயர்களைச் சம்பா இயல்பாகவே மறைகோப்பாகக் காட்டும். வாசிப்பு உரிமை இல்லாதவற்றை முழுதாக ஒளித்துவிடும்படியும் அதை அமைக்கலாம். சேவையகத்தில் இப்போதுதான் உருவான கோப்பு என்றால், விண்டோஸ் தன் பழைய பட்டியலை ஏறத்தாழ 10 விநாடி நினைவில் வைத்திருப்பதால் சற்றுப் பிந்தித் தெரியலாம். லினக்ஸ் தாராளமாக ஏற்கும் முக்காற்புள்ளி (:) விண்டோஸ் பெயர்களில் ஆகாது என்பதால், நேரத்தைப் பெயரில் எழுதிய கோப்பு அடையாளமே தெரியாத குறும்பெயரோடு வந்து நிற்கும். அது தொலைந்ததாகவே பலர் நினைக்கிறார்கள்.

எங்கள் சிக்கல் இவற்றில் எதுவுமில்லை. திறக்காத மூன்று பெயர்களிலும் கொம்பும் காலும் சேர்ந்த உயிர்க்குறி உண்டு; திறந்தவற்றில் இல்லை. எழுத்துகளுக்குக் குறியீடு தரும் பொது முறையான யுனிகோட்டில் ‘கோ’வை இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடு, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரு குறியீடுகள். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் அக்குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யூ.ரி.எப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைற் (கணினித் தரவின் அலகு) பிடிப்பதால், ‘கோப்பாய்’ முதல் வகையில் 24 பைற், இரண்டாம் வகையில் 27 பைற். லினக்ஸ் பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை, பைற்றுகளின் வரிசையாகவே பார்க்கிறது. அதற்கு இவை இரு வேறு ஊர்கள். விண்டோஸின் விசைப்பலகை அனுப்பியது 24 பைற் வடிவம். சேவையகத்தில் இருந்ததோ 27 பைற் வடிவம். எச்.எப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை கொண்ட பழைய மக் கணினியிலிருந்து அவை நேரே படியெடுக்கப்பட்டிருந்தன. அந்த முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும்.

இதற்கிடையில், இல்லையென்று நம்பிய ஒருவர் புதிதாக ஒரு கோப்பாயையும் உருவாக்கியிருந்தார். ஆகவே பெயர்களை ஒற்றைக் குறியீட்டு வடிவுக்கு மாற்றுமுன், இரண்டு கோப்பாய்களிலும் இருந்த வரைபடங்களை ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டியிருந்தது. பெயர் மாற்றம் ஒரு நிமிட வேலை. ஒப்பிடுதலுக்கு ஒரு பிற்பகல் முழுதும் போயிற்று.