ஓட்கா குடித்தால் மறுநாள் தலைவலி வராதா?

நிறமில்லாத சரக்கு குடித்தால் ஹேங்ஓவர் வராது என்று குடிப்பவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை முழு உண்மையாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

மதுவில் போதை தருவது எத்தனால். ஆனால் நொதிக்கும்போதும் மரப்பீப்பாயில் ஊறும்போதும் மெத்தனால், அசிட்டோன், டானின் என்று வேறு பல பொருட்களும் சேர்கின்றன. இவற்றைக் காஞ்சினர்கள் என்பார்கள். ஓட்காவை நன்றாக வடித்து, பெரும்பாலும் கரியிலும் வடிகட்டி, இவற்றை ஏறக்குறைய நீக்கிவிடுகிறார்கள். அமெரிக்க போர்பன் விஸ்கியோ உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில் ஊறுகிறது. அதில் ஓட்காவைப் போல 37 மடங்கு காஞ்சினர்கள் உண்டு.

இவற்றில் மெத்தனாலின் கதை தனி. கல்லீரலில் எத்தனாலைச் சிதைக்கும் நொதிதான் மெத்தனாலையும் சிதைக்கிறது. ஆனால் அது எத்தனாலைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். எத்தனால் தீர்ந்த பிறகு மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது, இரண்டும் நஞ்சு. காலையில் இன்னொரு பெக் போட்டால் தலைவலி விடும் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மெத்தனாலைச் சிதைக்கும் வேலை தள்ளிப்போகிறதே தவிர முடிவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரிழந்ததும் மெத்தனாலால்தான், அங்கே அளவு மிக அதிகம்.

நிறத்தை வைத்து எடைபோடுவதும் சரியில்லை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி பலவும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் கேரமல் நிறமும் வாசனையும் கலந்தவை. பழுப்பாக இருப்பதாலேயே பீப்பாயில் ஊறியது என்று சொல்லிவிட முடியாது.

சரி, காஞ்சினர் குறைந்தால் ஹேங்ஓவரும் குறையுமா? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தின் டமாரிஸ் ரோசனோவும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 21 முதல் 33 வயது வரையிலான 95 பேர் ஓர் இரவு போர்பனோ ஓட்காவோ குடித்தார்கள், இன்னோர் இரவு மது இல்லாத பானம் குடித்தார்கள். காலையில், போர்பன் குடித்தவர்கள்தான் கூடுதல் அவதியைச் சொன்னார்கள். ஆனால் கவனத்தையும் வேகத்தையும் சோதித்தபோது இரு தரப்பும் ஒரே அளவுக்குத் தடுமாறின. தூக்கமும் ஒரே மாதிரி கெட்டிருந்தது.

ஏனென்றால் பெரும் சேதம் எத்தனாலுடையது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற ஹார்மோனை அது அடக்குவதால் உடம்பில் நீர் வற்றுகிறது. இரைப்பை எரிகிறது, பின்னிரவுத் தூக்கம் உடைகிறது, உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது. எந்த பாட்டிலிலிருந்து வந்தாலும் எத்தனால் ஒன்றுதான்.

எனக்குக் கவலை தருவது இதுதான்: ஓட்கா குடித்தவர் காலையில் தெளிவாக இருப்பதாக எண்ணி வண்டியை எடுக்கிறார். ஹேங்ஓவர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்திருக்கும். அதனால் போலீஸார் ஊதச் சொல்லும் கருவியிலும் எதுவும் தெரியாது, ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய நொடியில் அவர் தாமதிப்பார்.