ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும்

சனிக்கிழமை நல்ல வெயில் அடித்தால், திங்கட்கிழமை எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் யார் யார் வருவார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். கணுக்கால் வீங்கிய ஒருவர், மாடிப்படி இறங்க முடியாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து வரும் இன்னொருவர். எங்கே போனீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: சுகர்லோஃப் மலை.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒரு தம்பி அப்படித்தான் வந்தார். ஊர் பேர் விசாரித்து, தமிழ் என்று தெரிந்ததும் மனம் விட்டுப் பேசினார். "அக்கா, ஐந்நூறு மீட்டர்தானே! நான் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவன். இதெல்லாம் ஒரு மலையா?" என்றார். வலது கணுக்கால் வெளிப்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வெள்ளியங்கிரியில் கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். மூங்கில் கம்பு. இங்கே? ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் காபி கப்.

கிரேட் சுகர்லோஃப் 501 மீட்டர் உயரம். விக்லோ மாவட்டத்தில், என்-11 நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது வலப்பக்கம் கூம்பு மாதிரித் தனியாக நிற்கும். அணைந்துபோன எரிமலை என்று நம்புகிறவர்கள் நிறைய, உருவம் அப்படி. ஆனால் அது குவார்ட்சைட் பாறை. கடலடி மணல் கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகிக் கல்லானது. இதை நான் சொல்வது புவியியல் பாடத்துக்காக இல்லை. குவார்ட்சைட் மிகக் கெட்டியான கல். எளிதில் மண்ணாகாது, கோணல் மாணலாக உடையும். உச்சிக்குக் கீழே கடைசிச் சரிவு முழுக்க அப்படி உடைந்த துண்டுகள்தான். ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்ததில் சில கற்கள் வழவழப்பாகிவிட்டன. மழை நனைத்தால் சோப்புப் போட்ட தரை.

என்னிடம் வருகிறவர்களிடம் எப்போது விழுந்தீர்கள் என்று தவறாமல் கேட்பேன். ஏறும்போது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், அதனால் நாமே நின்று ஓய்வெடுத்துவிடுவோம். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே வேலை செய்ய வேண்டும். அதாவது பிரேக் பிடிக்கிறது. இதில் மூச்சு வாங்காது. களைப்பு தெரியாமலே தசை ஓய்ந்துபோகும். அது ஓய்ந்ததும் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேரே முட்டிக்குப் போகும், பாதம் வைக்கிற இடத்தில் துல்லியம் குறையும், கல் உருளும், கணுக்கால் மடங்கும். ஒன்றோ இரண்டோ நாள் கழித்துத் தொடை கல் மாதிரி ஆகிவிடுகிறதே, அதுவும் இந்த பிரேக் வேலையின் கூலிதான்.

ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், இறக்கத்தைப் பாருங்கள் என்று சொல்வேன்.

சுகர்லோஃபுக்கு எல்லோரும் போவது தெற்குப் பக்கக் கார் நிறுத்தத்திலிருந்து. கார் நிற்கும் இடமே உயரத்தில் இருப்பதால் நாம் ஏற வேண்டியது சுமார் 200 மீட்டர்தான். முதலில் அகலமான புல்பாதை, குழந்தைகள் ஓடிக்கொண்டே போவார்கள். முக்கால் மணி நேரத்தில் உச்சி. இந்தச் சுலபம்தான் ஆளை ஏமாற்றும். கடைசிப் பகுதியில் பாதை திடீரென்று செங்குத்தாகிக் கற்சரிவாக மாறும். சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும். ஏறிவிடலாம். திரும்பிப் பார்த்ததும்தான் இதே வழியாக இறங்க வேண்டுமே என்று வயிற்றைக் கலக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களே, அந்தக் கற்சரிவு தொடங்கும் இடத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். அங்கிருந்தே காட்சி நன்றாகத் தெரியும்.

கில்மக்கனோக் கிராமத்திலிருந்து ஏறுவது இன்னொரு வழி. நீளம் அதிகம், ஏற்றமும் அதிகம். முட்புதரும் ஹெதர் செடியும் நடுவே பாதை போகும். ஆகஸ்டில் மஞ்சளும் ஊதாவுமாக மலை முழுக்கப் பூத்திருக்கும்; அதைப் பார்க்கவே இந்தப் பக்கம் ஏறலாம். இதுவும் கடைசியில் அதே கற்சரிவுக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் அதற்குள் உடம்பு சூடாகி, கால் நிதானத்துக்கு வந்திருக்கும். காரிலிருந்து இறங்கிய வேகத்தில் கல்லில் கால் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உச்சியிலிருந்து டப்ளின் விரிகுடா, கடலோர முனைகளான பிரே ஹெட், ஹோத் எல்லாம் தெரியும். வானம் தெளிந்த நாளில் கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸ் மலைகள்கூடத் தெரியும். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போது ஏறின பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் இறங்கி மாட்டிக்கொள்வது சுலபம். ஆகவே ஏறும்போதே நாலு தடவை திரும்பிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு நான் சொல்வது வேறு மலை. சுகர்லோஃபைவிட 200 மீட்டருக்கு மேல் உயரமானது! ஜவுஸ், 725 மீட்டர். இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். லாக் டே ஏரிக்கு மேலே இருக்கும் ஜே.பி. மலோன் கார் நிறுத்தத்தில் தொடங்கினால் போய்வர எட்டு கிலோமீட்டர் போல வரும். பெரும்பகுதி சரிவு சீரானது. அடியில் பாக் எனப்படும் கருஞ்சேற்று நிலம். அதன்மேல் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைப் பதித்துப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கார் நிறுத்தத்தின் பெயருக்குரிய மலோன், அயர்லாந்தின் முதல் அடையாளமிட்ட நெடுநடைப் பாதையான விக்லோ வேயை 1966இல் யோசனையாக முன்வைத்தவர். அந்தப் பாதை 1980இல் திறக்கப்பட்டது. அவருக்கான நினைவுக்கல் பாதையோரத்திலேயே இருக்கிறது. கீழே லாக் டே, கருத்த தண்ணீரும் மேல் விளிம்பில் வெள்ளை மணலுமாக, வெண்ணுரை தளும்பும் கின்னஸ் கருப்பு பியர் கிளாஸ் மாதிரி. விக்லோ வே ஜவுஸ் உச்சிக்குப் போகாது, சரிவிலேயே சுற்றிப் போய்விடும்; உச்சிக்குக் கிளைப்பாதையில் திரும்ப வேண்டும். விக்லோ வேயின் வழிகாட்டி அடையாளமான மஞ்சள் நடைமனிதன் குறியை மட்டும் நம்பிப் போய் உச்சியைத் தவறவிட்டவர்கள் உண்டு.

பலகைப் பாதைதானே என்று அலட்சியமும் கூடாது. கட்டைகளில் பிடிப்புக்காகக் கம்பி வலை அடித்திருப்பார்கள். கட்டை இற்றுப்போன இடத்தில் குழி விழும், ஆணி தலை தூக்கும். 2013இல் இந்தப் பகுதிப் பலகைப் பாதையில் ஒருவர் கால் தடுக்கி விழுந்து முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டு வழக்குப் போட்டார். 2016இல் 40,000 யூரோ இழப்பீடு தீர்ப்பானது. 2017இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மலை நடையாளர்களும் நில உரிமையாளர்களும் உற்றுக் கவனித்த வழக்கு அது. என் தொழில் அக்கறை வேறு: பலகைமேல் நடக்கும்போது எல்லோரும் ஏரியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டும் என்றால் நின்று பாருங்கள். நடக்கும்போது பலகையைப் பாருங்கள்.

போவதற்கு மூன்று வாரம் முன்பே வீட்டில் ஒரு சின்னப் பயிற்சி. மாடியின் கடைசிப் படியில் நில்லுங்கள். ஒரு காலால் நின்றபடி, மற்றக் காலின் குதிகாலை நாலு எண்ணுவதற்குள் மெதுவாகத் தரையில் தொடவையுங்கள், மறுபடி மேலே. காலுக்குப் பத்து, ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. இதுதான் மலை இறங்குவதற்கான ஒத்திகை. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது கணுக்காலுக்கு. பார்க்கிறவர் சிரிப்பார், பரவாயில்லை. கைத்தடி இரண்டு வாங்கினால் இன்னும் நல்லது. இறங்கும்போது நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, காலுக்கு முன்னால் ஊன்றுங்கள்.

சரி, கால் மடங்கிவிட்டது. உடனே எழுந்து நடந்து காட்டாதீர்கள். உட்காருங்கள், இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். மலையில் ஷூவைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வீக்கம் ஏறி மறுபடி நுழையாது, அந்த ஷூதான் இப்போதைக்குக் கட்டு. பாதம் மரத்துப் போனாலோ நிறம் மாறினாலோ மட்டும் நாடாவைத் தளர்த்துங்கள். நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிற வலி என்றாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு வீராப்பு வேண்டாம்.

அழைக்க வேண்டிய எண் 112 அல்லது 999. மவுண்டன் ரெஸ்க்யூ, அதாவது மலை மீட்புக் குழு, வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். பணம் கேட்க மாட்டார்கள். செலவாகுமே என்று பயந்து, மடங்கிய காலோடு நண்பன் தோளைப் பிடித்துக் கற்சரிவில் இறங்கி இரண்டாவது தடவையும் விழுந்தவரை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, போன் பேச முடியாத இடத்திலும் சில சமயம் குறுஞ்செய்தி போய்விடும். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்: ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 112க்கு அனுப்பினால் விவரம் பதிலாக வரும். இன்றே செய்துவிடலாம்.

குளிர், வெளிச்சம் பற்றி இரண்டு வரி. 100 மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். காற்று அடித்தால் கணக்கே வேறு. டிசம்பரில் நாலு மணி தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும், தலைவிளக்கு இல்லாமல் மதியத்துக்கு மேல் ஏறக் கூடாது. அப்புறம், பெரணிப் புதருக்குள் புகுந்து வந்தால் வீட்டில் முட்டியின் பின்பக்கத்தையும் இடுப்பையும் பாருங்கள். இங்கே மான்கள் அதிகம், உண்ணிகளும் உண்டு. கடித்த இடத்தைச் சுற்றிச் சில வாரத்துக்குள் சிவப்பு வட்டம் படர்ந்தால் லைம் நோயாக இருக்கலாம். பொது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்தத் தம்பிக்கு எலும்பு முறிவு இல்லை, தசைநார்க் காயம்தான். ஆறு வாரத்துக்கு மேல் படிப் பயிற்சியும் ஒற்றைக்கால் நிற்றலும் செய்தார். முதல் வாரம் சலிப்பு, மூன்றாம் வாரம் தானாகவே எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டார். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஜவுஸ் உச்சிப் பாறைமேல் நிற்கும் நில அளவைத் தூணின் பக்கத்தில் சிரித்தபடி நிற்கிறார், இரண்டு கையிலும் கைத்தடி. "இறங்கிட்டியா?" என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கார் நிறுத்தத்திலிருந்து இன்னொரு படம் வந்தது: சேறு அப்பிய இரண்டு ஷூ, வீக்கமில்லாத இரண்டு கணுக்கால்.