ஹஸ்கி வேண்டுமா? பஞ்சு பொம்மையாக வாங்கிக் கொடுங்கள்

இந்தக் கோடையில் இது நாலாவது. மதியம் இரண்டரை மணிக்கு ஒருவர் சைபீரியன் ஹஸ்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குள் ஓடி வந்தார். பதினோரு மாதக் குட்டி, நாக்கு செங்கல் நிறத்தில் தொங்குகிறது, தெர்மாமீட்டர் 42 டிகிரியைத் தொடுகிறது (நாய்க்கு இயல்பு 38.3 முதல் 39.2 வரை). பின்னாலேயே ஏழு வயது மகள், கக்கத்தில் ஒரு ஹஸ்கி பொம்மை. “பொம்மை மேல அவ்வளவு ஆசையா இருந்தா டாக்டர், அதான் பிறந்தநாளுக்கு நிஜத்தையே வாங்கிட்டோம்” என்றார் அம்மா. குட்டி பிழைத்துவிட்டது. இதற்கு முன்னால் வந்த மூன்றில் ஒன்று பிழைக்கவில்லை.

பொம்மையோடு நிறுத்தியிருக்கலாமே ஐயா!

அந்தக் குட்டிக்கு ‘சம்மர் கட்’ வேறு செய்திருந்தார்கள். உடம்பு முழுக்க ஒட்ட மழித்து, இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது. “முடியை எடுத்தாச்சே, அப்புறம் எப்படி சூடு ஏறுச்சு?” இந்தக் கேள்வியை எத்தனை தடவைதான் கேட்பேன்! நமக்கு மொட்டை போட்டால் குளுகுளுவென்று இருக்கிறதே, நாய்க்கும் அப்படித்தானே என்று நினைக்கிறீர்கள். நமக்குக் குளிர்வது, தோலில் வியர்வை இருந்து அது காய்வதால். நாய்க்கு உடம்புத் தோலில் அப்படி வியர்க்காது, பாதத்தின் அடியில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். காய்வதற்கு ஈரமே இல்லாத தோலைத் திறந்துவிட்டு என்ன பயன்? ஹஸ்கிக்கு முடி இரண்டு அடுக்கு. உள்ளே கம்பளி மாதிரி அடர்த்தி, மேலே நீண்ட முரட்டு முடி. உள்ளடுக்கை அதுவே பருவத்துக்குப் பருவம் கொத்துக்கொத்தாக உதிர்த்துக்கொள்ளும், நீங்கள் சீப்பால் வாரி உதவினால் போதும். மேலடுக்குதான் வெயில் நேராகத் தோலில் விழாமல் காக்கிற குடை. அந்தக் குடையைப் பிடுங்கிவிட்டு வெயிலில் நிறுத்துகிறீர்கள். சில நாய்களுக்கு மழித்த முடி திரும்ப ஒழுங்காக வளர்வதும் இல்லை. தயவுசெய்து மழிக்காதீர்கள். வாருங்கள், வாருங்கள், வாருங்கள்.

மூச்சிரைத்துத்தான் நாய் சூட்டை இறக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அதுவும் பாதிதான் நடக்கும். ஏசி இருக்கிறதே என்பீர்கள். மின்வெட்டு நாளில்தானே என்னிடம் வருகிறீர்கள்? தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று 11 வெளிநாட்டு இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை சொன்னது. அதில் ஹஸ்கியும் உண்டு, அலாஸ்கன் மலமூட்டும் உண்டு. விற்பவர் இதையெல்லாம் சொல்லமாட்டார், நீலக் கண்ணைக் காட்டுவார்.

சரி, பொம்மைக்கு வருகிறேன். பெட்டியில் ‘கல்வி பொம்மை’ என்று அச்சடித்திருப்பதால் மட்டும் குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாது, நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். காது ஏன் இவ்வளவு சின்னது, வால் ஏன் இப்படிப் புசுபுசு என்று கேளுங்கள். நிஜ நாய் பனியில் சுருண்டு படுத்து அந்த வாலால் மூக்கைப் போர்த்திக்கொள்ளும் என்று பொம்மையைச் சுருட்டியே காட்டலாம். ஒரு அட்டைப்பெட்டியை நூலில் கட்டி இழுக்க விடுங்கள். ஹஸ்கிகள் இழுக்கும் பனிவண்டிக்குக் கடிவாளம் கிடையாது, எல்லாம் குரல்தான்: ‘ஜீ’ என்றால் வலது, ‘ஹா’ என்றால் இடது, முன்னால் ஓடும் தலைவன் நாய் அதைக் கேட்டுத் திரும்பும். இடம் வலம் குழம்புகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நோம் ஊரின் கதை. 1925 ஜனவரி, அலாஸ்காவின் மேற்குக் கரையில் பனி சூழ்ந்த ஊர், குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய். மருந்து ரயிலில் நெனானா வரைதான் வர முடிந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 1,085 கிலோமீட்டரை 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் கை மாற்றிக் கை மாற்றி, உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி அளவு குளிரில், ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசிக் கட்டம் ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அதே ஆண்டு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். ஆனால் மருந்தோடு மிக நீண்ட கட்டத்தை ஓடியது செப்பாலா என்ற வண்டியோட்டியின் நாய் டோகோ, அப்போது அதற்குப் பன்னிரண்டு வயது! (பன்னிரண்டு என்பது நாய்க்குத் தாத்தா வயது, என் கிளினிக்கில் அந்த வயதில் படியேறவே யோசிக்கும்.) அந்த நோய்க்குத்தான் உனக்குச் சின்ன வயதிலேயே ஊசி போட்டோம் என்று சொல்லுங்கள், அடுத்த ஊசிக்கு அழுகை கொஞ்சம் குறையலாம். கூடவே, அந்தக் குளிருக்குப் பிறந்த உடம்பு நம் மொட்டை மாடியில் என்ன பாடுபடும் என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே சொல்லிவிடும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கண் நூலில் தைத்ததாக இருக்கட்டும், ஒட்டவைத்த பிளாஸ்டிக் கண் வேண்டாம். குரைக்கிற பொம்மை என்றால் பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் பொம்மையை அதற்கு எட்டாமல் வையுங்கள், குடலிலிருந்து பஞ்சை வெட்டி எடுக்கும் வேலை எனக்கு நிறையவே இருக்கிறது.

ஏற்கெனவே ஹஸ்கி வாங்கிவிட்டவர்கள் தெருவில் விட்டுவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நடையை விடியும் முன் முடித்துவிடுங்கள். மாலையில் என்றால் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நாய் தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போட்டுவிட்டு, வண்டியை எடுங்கள். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். வருகிற வழியிலேயே கிளினிக்குக்கு போன் செய்துவிடுங்கள், நாங்கள் டிரிப்பைத் தயாராக வைத்திருப்போம்.