தடுப்பாட்டமா, தற்காப்பு ஆட்டமா?

போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ஒரு டீக்கடை. டிவியில் கிரிக்கெட் வர்ணனையாளர் ஒரே ஓவரில் மூன்று முறை "தற்காப்பு ஆட்டம்" என்றார். பக்கத்தில் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர், "அவன யார்பா அடிக்க வராங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. எத்தனையோ நாளாக என்னை உறுத்துவதும் இதுதான்.

தற்காப்பு ஆட்டம் என்பது ஆங்கில 'டிஃபன்ஸ்' என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு. அந்தச் சொல்லின் வேர் லத்தீன். அடித்து அப்பால் தள்ளுதல் என்பதே முதற்பொருள். காத்தல் அதிலிருந்து கிளைத்தது. கிரிக்கெட்டில் அந்த முதற்பொருள்தான் இன்னும் வாழ்கிறது. ஸ்டம்பை நோக்கி வரும் பந்துக்கு மட்டையை நேராக வைத்து, பிடியைத் தளர்த்தி, காலடியிலேயே அதை அடங்கவைப்பது. 'தடு' என்ற வினை இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. பாலாற்றில் கட்டுவது தடுப்பணை, குழந்தைக்குப் போடுவது தடுப்பூசி. வருவதை நிறுத்துவதுதான் இரண்டுக்கும் வேலை. ஆகவே தடுப்பாட்டம்.

தற்காப்பில் இருக்கும் 'தற்' தன்னை என்று பொருள்படுவது. குறளில் வரும் "தற்காத்து" தன்னைக் காத்து. தற்கொலை தன்னைக் கொல்வது. கராத்தேயைத் தற்காப்புக் கலை என்கிறோம், அங்கே அடி விழப்போவது நம் உடம்பின்மேல், அதனால் சரி. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து, கராத்தேக்கு எழுதியதையே கிரிக்கெட்டுக்கும் எடுத்துப் போட்டுவிடுகிறார். மைதானத்தில் எது காக்கப்படுகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை.

"தன் விக்கெட்டைக் காப்பதும் தற்காப்புதானே?" என்று தமிழாசிரியரான நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. 2021 ஜனவரி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பிரிஸ்பேன் டெஸ்டின் கடைசி நாளை நினைத்துப் பாருங்கள். இந்திய மட்டையாளர் புஜாராவுக்கு ஹெல்மெட்டில் அடி, விலாவில் அடி, விரலில் அடி. வலியில் மட்டையைக் கீழே போட்டார், மறுபடி எடுத்து நின்றார். 211 பந்து, 56 ரன். விக்கெட்டுக்காக உடம்பைக் கொடுத்த மனிதரின் ஆட்டத்துக்கா தற்காப்பு என்று பெயர்? அதே இன்னிங்ஸில் ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89 அடித்தார், 328 இலக்கை இந்தியா எட்டியது. புஜாரா அத்தனை பந்தைத் தின்று பந்துவீச்சாளர்களைக் களைக்கவைத்த பிறகு வந்த அடி அது.

எனக்கு இதில் பெரிய வருத்தம் தொனியைப் பற்றியது. அதிரடிக்கு எதிரே தற்காப்பை வைத்தால் ஒருவர் வீரர், இன்னொருவர் பயந்தவர் என்றாகிவிடுகிறது. 2008இல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சேவாக் 304 பந்தில் 319 எடுத்தார். அதே இன்னிங்ஸில் திராவிட் 111 எடுத்து, டெஸ்டில் 10,000 ரன்னைக் கடந்தார். இருவரில் யார் பயந்து ஆடினார்? 'அதிரடி'யும் இப்போது தேய்ந்துவிட்டது. தங்கம் விலை இருபது ரூபாய் இறங்கினாலும் அதிரடிதான்.

வேலூர் கோட்டை மைதானத்துப் பையன்களிடம் இந்தக் குழப்பமே இல்லை. "கட்ட போடாதடா, அடிச்சி ஆடுடா" என்பார்கள். கட்டை மட்டையேதான், அதைப் பந்தின் குறுக்கே போடுவது கட்டை போடுவது. செய்கை கண்ணுக்குத் தெரிகிற சொல். அதில் கொஞ்சம் ஏச்சு கலந்திருப்பதால் புஜாராவைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை வராது. பேச்சில் கட்டை, எழுத்தில் தடுப்பாட்டம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் இதற்குள் அடங்காது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு வழிவிடுகிறார்களே, அது தடுப்பு இல்லை. பையன்கள் "உட்டுட்டான்" என்கிறார்கள். நான் 'விடுதல்' என்றே எழுதுகிறேன்.